ராசாளிக்கு வைத்தது

பிப்ரவரி 2, திங்கள்

இன்று கண்ணால் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு குட்டிகள் காணாமல் போனபோது நாய் தூக்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். காலையில் ஆடுகள் சிவல்பாறைக்குக் கீழே தரிசில் மேய்ந்துகொண்டிருந்தன. பிறந்து நாலைந்து நாளான குட்டி ஒன்று தாயை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது. தரையில் ஒரு நிழல் ஓடியது. நான் நிமிர்வதற்குள் ராசாளி இறங்கிவிட்டது. அவ்வளவு பெரிய பறவை துளிச் சத்தமில்லாமல் இறங்கும் என்று எனக்குத் தெரியாது. தொரட்டிக் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடினேன். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. மஞ்சள் கண். என் கால் அப்படியே நின்றுவிட்டது. குட்டியைத் தரையோடு கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், பிறகு எழும்பி, பாறைப் பக்கம் போய்விட்டது.

தாயாடு பொழுது சாயும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது அதற்கு.

முப்பது வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். குடித்துவிட்டு ஏறுகிறவர்களை எல்லாம் சமாளித்திருக்கிறேன். ரிட்டயர் ஆனதும் என் மனைவி தெய்வானையின் ஊரான இந்த ஆண்டிபொட்டலுக்கு வந்து செம்மறி வாங்கினேன். ஊரில் எனக்கு இன்னும் பெயர் கண்டக்டர்தான். இன்று ஒரு பறவை பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன் என்று தெய்வானையிடம் சொல்லவில்லை. எட்டத்தில் இருந்தேன், ஓடுவதற்குள் போய்விட்டது என்று சொன்னேன்.

சாயங்காலம் சேவுகப்பெருமாள் அண்ணன் வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஊரிலேயே பெரிய மந்தை அவருடையது. என் ஆடுகள் மேய்வது அவர் தரிசில், குடிப்பது அவர் மோட்டார்த் தண்ணீர். அவருக்கும் இந்த மாதத்தில் குட்டிகள் போயிருக்கின்றன. பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 4, புதன்

வனத்துறையிலிருந்து வந்தார்கள். வனவர் ஒரு பெண், பெயர் அமலி. என் மகள் வயதுதான் இருக்கும். சிவல்பாறையில் ராசாளி ஜோடி கூடு கட்டியிருப்பதாகவும், கூட்டில் ஒரே ஒரு குஞ்சு இருப்பதாகவும், இந்தப் பக்கத்தில் வேறு எங்கும் இது கிடையாது என்றும் சொன்னார். குஞ்சு பறக்கிறவரை பாறைச் சரிவில் ஆடு ஏற்றக் கூடாது. சின்னக் குட்டிகளை வெளியே விடாமல் கூடை கவிழ்த்து மூடி வைக்க வேண்டும். பட்டிக்கு மேலே கட்ட வலை தருகிறோம் என்றார்.

செத்த குட்டிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். சிறுத்தை அடித்தால் ஏதாவது செய்ய வழி இருக்கிறது, பறவை தூக்கினால் எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை, மேலதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன் என்றார். பொய் சொல்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. போன் நம்பரைக் கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார்.

அவர்கள் போகும் வரை சேவுகப்பெருமாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாவிடம் சிரித்துப் பேசினேனா என்று இப்போது யோசிக்கிறேன். சிரித்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 5, வியாழன்

வலை கட்டினோம். காற்றில் கிழிந்துவிட்டது. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 7, சனி

சேவுகப்பெருமாள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கூட்டம். மந்தை வைத்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். பாறைச் சரிவும் போய்விட்டது, கீழே குட்டியும் மிஞ்சாது என்றால் ஆட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான் என்று ஒருவர் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. சேவுகப்பெருமாள் கடைசியில்தான் பேசினார். வாழைக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்து அவரிடம் இருக்கிறது. செத்த குட்டி ஒன்றில் தடவிப் பாறையில் வைத்துவிட்டால் ஜோடியும் போய்விடும். தானாகச் செத்தது என்று இருந்துவிடலாம் என்றார்.

யார் வைப்பது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மற்றவர்கள் பாறைப் பக்கம் போனால் வனத்துறை ஆட்கள் கேட்பார்கள், கண்டக்டர் மேல் சந்தேகம் வராது என்றார்கள். எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். சேவுகப்பெருமாள் மெதுவாக, "ஒங்க ஆடும் என் தண்ணியத்தேன் குடிக்கிது, கண்டக்டரே" என்றார். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சட்டை முதுகில் ஒட்டிப் போயிருந்தது. இந்த மாதத்தில் இப்படி வேர்க்காது.

பிப்ரவரி 8, ஞாயிறு. காலை

மேய்கிற பருவத்துக் குட்டி ஒன்று வயிறு உப்பி, விடிவதற்குள் செத்துவிட்டது. அதன் வயிற்றில் மருந்து வைத்தாயிற்று. பாறையின் கீழ்த் தட்டில், நாய் இழுக்காமல் இருக்கக் கயிறு போட்டுக் கல்லில் கட்டியாயிற்று. யாரும் பார்க்கவில்லை.

இரண்டு தடவை குளித்தேன். தெய்வானை, ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு காலையில் என்ன குளியல் என்று கேட்டாள். உடம்பெல்லாம் உண்ணி என்றேன். கையில் வாடை போகவே இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் இருக்கிறது. இட்லியை ஸ்பூனால் சாப்பிட்டேன். அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே நாள், மதியம்

பாறைப் பக்கம் போய்விட்டு வந்தேன். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவதாகத்தான் போனேன். குட்டியைக் காணோம். கல்லில் கயிறு மட்டும் கிடந்தது. நாய் கடித்திருந்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும். இது கத்தியால் அறுத்தது. நேராக, ஒரே வெட்டு. பக்கத்தில் குடலை எடுத்துப் போட்டிருந்தார்கள். யாரோ அங்கேயே உட்கார்ந்து சுத்தம் செய்து, கறியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

குடலைப் புதைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஓடி வந்துவிட்டேன்.

சேவுகப்பெருமாளிடம் சொன்னேன். நாய் இழுத்திருக்கும் என்றார்.

"கத்தியில அறுத்துருக்குண்ணே."

"நீங்க பாத்தீகளா? பாக்கல. அப்பறம் என்ன? வீட்டுக்குப் போயிச் சோத்தத் தின்னுட்டுப் படுங்க."

வீட்டுக்கு வந்துவிட்டேன். சோறு இறங்கவில்லை. யார் எடுத்திருப்பார்கள்? ஊருக்குள் வீடு வீடாகப் போய்க் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். சொன்னால் ஜெயில். சொல்லாமல் இருந்தால், இந்நேரம் எந்த வீட்டிலாவது உலை வைத்திருப்பார்கள். யாரும் எடுக்கவில்லை, நாய்தான் இழுத்தது என்று நாலைந்து தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். கயிறு கண் முன்னால் வந்துகொண்டே இருக்கிறது.

தெய்வானை எதிரே வந்து நிற்கிறாள். இதை மூடி வைக்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இப்போதுதான் மதுரையிலிருந்து வந்தேன். நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். எழுதினால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

அன்றைக்குத் தெய்வானை கேட்டது ஒரே கேள்வி. "எதுல என்னத்த வச்சீக?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அவள் முகம் வெளுத்துப் போனதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செங்கல் சூளைக்கு லீவு, சூளைக்காரர்கள் பாறைப் பக்கந்தான் விறகு பொறுக்க வருவார்கள் என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

சூளையில் வேலை செய்பவர்கள் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாலைந்து குடிசை. முதல் குடிசையிலேயே அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. மசாலா வாசனை. ஒரு பெண் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா என்று பெயர், பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் இன்னும் எதுவும் போடவில்லை என்று பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

பாறையில் கிடந்த குட்டியை யாராவது எடுத்தீர்களா என்று கேட்டேன். அவள் முகம் உடனே இறுகிவிட்டது. சட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நாங்க எதுவும் எடுக்கல சார். இது கடையில வாங்கினது."

அம்மா, குட்டி போனால் போகட்டும், அதைக் கேட்க வரவில்லை என்றேன். அடுத்த குடிசைக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர், நாங்க பொழைக்க வந்தவங்க, திருடறவங்க இல்ல என்றார். மேஸ்திரியிடம் சொல்லிவிடாதீங்க என்று ஒரு கிழவர் கை கூப்பினார். அந்தக் கறி கெட்டது என்றேன். கெட்டதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாதா என்றாள் கன்னியம்மா. அப்படிச் சொன்ன பிறகுதான், கறி எங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது போல. இன்னும் பயந்துபோய், சட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோகப் பார்த்தாள். பிள்ளைகள் தட்டோடு எழுந்தார்கள்.

அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள். நான் ஜெயிலுக்குப் பயந்து பாதி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க முடியவில்லை.

"விசம்மா அது. ராசாளிக்கு வச்சது. வச்சது நாந்தேன்" என்றேன்.

கன்னியம்மா என்னையே பார்த்தாள். பிறகு சட்டியை அப்படியே சாம்பல் குழியில் கவிழ்த்தாள். வெறுங்கையால் பிடித்திருந்தாள்; கை வெந்திருக்கும், அது அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் தட்டைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அதன் பிறகுதான் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"எங்க வூட்டாரு ஈரலச் சுட்டுத் துன்னுட்டாரே."

அவள் கணவன் பச்சையப்பன் சூளைக்குப் பின்னால் செங்கல் அடுக்கின் நிழலில் படுத்திருந்தான். குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். வாயெல்லாம் நுரை. வேர்வையில் தலைமுடி நனைந்திருந்தது. தசை துடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் செங்கல் ஏற்றுவதற்காக வந்து நின்ற லாரியிலேயே போட்டுக்கொண்டு போனோம். அவன் தலை என் மடியில். மூச்சு நின்று நின்று வந்தது. கன்னியம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க என்னைப் பார்க்கவே இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து என்று. பெயர் எனக்குத் தெரியவில்லை. பாக்கெட்டைக் காலையில் எருக்குழியில் புதைத்துவிட்டிருந்தேன். தெய்வானைக்குப் போன் போட்டேன். அவள் குழியைக் கையாலேயே தோண்டி எடுத்து, பக்கத்து வீட்டு வண்டியில் உட்கார்ந்து கொண்டுவந்தாள். நகமெல்லாம் எரு. பாக்கெட்டைப் பார்த்ததும் டாக்டர் ஊசிக்குச் சொன்னார். போட்டுவிட்டு மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்று முழுக்க டாக்டர்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. இன்று காலையில் பச்சையப்பன் கண் திறந்து தண்ணீர் கேட்டான்.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரை விட்டுப் போகக் கூடாது, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, புதன்

பெண் ராசாளி செத்துவிட்டது. பாறைக்குக் கீழே கிடந்ததாக அமலி அம்மா வந்து சொன்னார். வயிற்றில் ஆட்டுக்குடல். நான் புதைக்காமல் ஓடி வந்த குடல்.

ஆண் பறவை தனியாகக் குஞ்சுக்கு இரை கொண்டுவருகிறதாம். கொஞ்சம் வளர்ந்த குஞ்சு என்பதால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கண் சிவந்திருந்தது. என் மேல் வழக்கு வரும் என்றும், இது சின்ன வழக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டு, உங்களோடு வேறு யார் யார் என்று கேட்டார்.

யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றேன். மருந்து எங்கே வாங்கியது என்று கேட்டதற்கு, எப்போதோ வாங்கி வைத்திருந்தது என்றேன். தெய்வானை சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

சேவுகப்பெருமாள் வீட்டிலிருந்து ஒரு வண்டி சோளத்தட்டை வந்து இறங்கியது. நாங்கள் கேட்கவில்லை. தெய்வானை, ஆட்டுக்குப் போடாதீர்கள் என்றாள். போட்டேன். ஆடு என்ன செய்யும்?

பிப்ரவரி 15, ஞாயிறு

சேவுகப்பெருமாள் நேரில் வந்தார். தெய்வானை கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். வழக்குக்கு வக்கீல் பார்த்துத் தருகிறேன், கவலைப்படாதீர்கள் என்றார். என் பெயரைச் சொல்லாமல் இருந்தீர்கள், மறக்க மாட்டேன் என்றார். கிளம்பும்போது வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு, சாதாரணமாக ஆடு விலை பேசுவது மாதிரி சொன்னார்.

"ஒண்ணு போச்சு. இன்னொண்ணு இருக்குல்ல. இந்த வாரத்துல அதுக்கும் வச்சுருவோம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். எப்புடியும் ஒங்க பேருதேன் எழுதியிருக்கு."

அவர் போன பிறகு வெகுநேரம் படலிலேயே நின்றேன். மறுபடி ஒரு குட்டி பாறையில் கிடக்கும். மறுபடி யாராவது விறகுக்கு வருவார்கள். இந்தத் தடவை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு நேரமும் தெரியாது, இடமும் தெரியாது. எது செத்தாலும், யார் செத்தாலும், அது நான் செய்ததாக இருக்கும்.

தெய்வானையிடம் சொன்னேன். காலையில் வனத்துறை ஆபீசுக்குக் கிளம்பச் சொன்னாள்.

பிப்ரவரி 16, திங்கள்

வனச்சரகர் அலுவலகம் போய் வந்தோம். பஸ்ஸில் தெய்வானை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் பாதியில் இறங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பாள். நினைத்தது தப்பில்லை. இரண்டு ஸ்டாப்பில் எழுந்திருக்கப் பார்த்தேன்.

கூட்டம், மருந்து, யார் என்ன சொன்னது, அடுத்து என்ன செய்யப்போகிறார்கள், எல்லாம் சொன்னேன். அன்றைக்குப் பொய் சொன்னதையும் சொன்னேன். அமலி அம்மா எழுதிக்கொண்டார்.

"கோர்ட்லயும் இதையே சொல்வீங்களா ஐயா?"

"சொல்லுவேம்மா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் ஜீப் வந்து சேவுகப்பெருமாள் கொட்டகையிலிருந்து மருந்து மூட்டையை எடுத்துக்கொண்டு போனது. அவரையும் இன்னும் இரண்டு பேரையும் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாறையடியில் இரண்டு காவலர்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

சாயங்காலமே அவர் திரும்பி வந்துவிட்டார். ஜாமீன் என்றார்கள். மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. தரிசிலும் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. டீ கொடுத்தார்கள். யாரும் எதிரே உட்காரவில்லை.

கதவுக்கு உள்தாழ்ப்பாளும் போட்டு, அம்மிக்கல்லையும் நகர்த்தி வைத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் குட்டிகளுக்கு மட்டும்தான் ஆனது. பெரிய ஆடுகள் படலில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கத்துவதைக் கேட்க முடியவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

மதியம் பச்சையப்பன் வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறதாம். பாதி ஆளாகிவிட்டான். சட்டை தொளதொளவென்று இருந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன்.

அவன் படலைப் பிடித்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்தான்.

"சூளையில போர்த்தண்ணி இருக்குது சார். மேஸ்திரிகிட்ட கேட்டுட்டேன். ஓட்டிக்கினு வாங்க."

ஓட்டிக்கொண்டு போனோம். ரோட்டோரமாக, குட்டிகளைத் தெய்வானை கூடையில் வைத்துத் தூக்கி வந்தாள். சூளையில் மண் குழைக்கும் தொட்டியைக் கழுவி நிரப்பி வைத்திருந்தார்கள். ஆடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. கன்னியம்மா கையில் கட்டோடு குடிசை வாசலில் நின்றாள். பிள்ளைகளை உள்ளே வைத்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அவள்தான் பேசினாள்.

"அன்னிக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா உனக்கு ஒண்ணும் வந்திருக்காதே. ஏன் வந்த?"

"பயந்துதேம்மா வந்தேன்" என்றேன்.

அவள் ஒரு வாளியை எடுத்து, கூட்டத்தில் நுழைய முடியாமல் பின்னால் நின்ற கிழட்டு ஆட்டின் முன் வைத்துவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள்.

அப்போது ரோட்டில் சேவுகப்பெருமாளின் பைக் வந்து நின்றது. இன்ஜினை நிறுத்தவில்லை. காலை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்தார். பின்னால் இன்னொரு ஆள். போய்விடலாமா என்று தெய்வானையைப் பார்த்தேன். அவள் குனிந்து குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். பச்சையப்பன் தொட்டியில் குழாயைத் திருப்பிவிட்டான்.

எல்லா ஆடும் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.